1965 ஃபோக்ஸ்வேகன் பிக்கப்பை வீட்டுக் கொட்டகையிலேயே ஓடவைப்பது எப்படி? டெல்டாக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

நீடாமங்கலம் பக்கம் ஒரு பழைய ரைஸ்மில் கொட்டகையில், சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் இருபது வருடமாக நகராமல் கிடந்த 1965 மாடல் ஃபோக்ஸ்வேகன் பிக்கப்பை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தியபோது, தெருவே சேர்ந்து கேட்டது ஒரே கேள்விதான்: "ரேடியேட்டரே இல்லையே, இது எப்படி ஓடும்?" நியாயமான கேள்வி. எனக்கும் அப்போது பதில் சரியாகத் தெரியாது. தெரியாமலேயே நான் செய்த முதல் வேலை, கும்பகோணம் போய் நாலு லிட்டர் பெயிண்ட் வாங்கி வந்தது. அந்த பெயிண்ட் டப்பாவிலேயே கெட்டியாகிப் போனது. அதற்குப் பின் ஒன்றரை வருடம் கழித்துத்தான் வண்டிக்கு பெயிண்ட் அடித்தேன். இந்த இன்ஜினைக் குளிர்விப்பது தண்ணீர் இல்லை, காற்று. இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான்: முதலில் காற்று, அப்புறம் பெட்ரோல், பிரேக், தகரம்; பெயிண்ட் கடைசி.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. ஃபோக்ஸ்வேகன் இதை டைப் 2 என்று 1950-இல் தயாரிக்க ஆரம்பித்தது, பிக்கப் உடம்பு 1952-இல் வந்தது. முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும் மாடல் 1967 வரை, அதற்குப் பின் ஒரே வளைந்த கண்ணாடி. இன்ஜின் பின்னால், சாமான் ஏற்றும் தளத்துக்கு அடியில், நான்கு சிலிண்டரும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக் கிடக்கும். பிரேசிலில் இதே குடும்பத்து வேனை 2013 வரை தயாரித்தார்கள், அதில் 2005 வரை காற்றால் குளிரும் இன்ஜின்தான். அதனால்தான் அறுபது வயது வண்டிக்கு இன்றைக்கும் பிஸ்டன் செட்டும் கேஸ்கட்டும் புதிதாகக் கிடைக்கின்றன. நம் ஊரில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், கஸ்டம்ஸ் வரியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன்

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள். எண் இன்ஜின் அறைக்குள் வலது பக்கத் தகட்டில் அடித்திருக்கும். துரு சுரண்டுகிறேன் என்று அந்த இடத்தில் கிரைண்டரை வைத்துவிடாதீர்கள். எண் அழிந்தால் வண்டி வெறும் தகரம்.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு என்று 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. புது எண்ணில் மாநில எழுத்துக்குப் பின் விஏ என்று வரும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது சொந்த, வணிகம் அல்லாத வண்டிக்குத்தான், தினசரி ஓட்டத்துக்கும் இல்லை, உருவத்தையும் பெரிதாக மாற்றக் கூடாது. இதில் நெல் மூட்டை ஏற்றி வாடகைக்கு ஓட்டலாம் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

இன்ஜினைப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. பின்னால் இருக்கும் பெரிய கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், சுற்ற வேண்டாம், இழுத்துத் தள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆடி 'டக் டக்' என்று சத்தம் வந்தால் இன்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டியிருக்கும், விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள். இருக்க வேண்டிய ஆட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ. வரைதான், அது கைக்குத் தெரியுமே ஒழியக் கண்ணுக்குத் தெரியாது.

தகரத்தில் எங்கே குத்திப் பார்ப்பது? டிரைவர் காலடியில் ரப்பர் பாயைத் தூக்கிவிட்டு, கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியில், முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மூலையில், இன்ஜின் அறைக்குள் பேட்டரி உட்காரும் தட்டில், அப்புறம் சாமான் தளத்துக்கு அடியில் இருக்கும் பூட்டு வைத்த சேமிப்பு அறையின் தரையில். இந்த ஐந்தும் நன்றாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எனக்கு ஐந்தில் நாலு ஓட்டை.

இன்ஜினை இறக்குதல்

இது இந்த வண்டியின் பெரிய வசதி. நாலே போல்ட்டில் இன்ஜின் கியர்பாக்ஸோடு சேர்ந்து தொங்குகிறது. பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஹோஸைப் பிடுங்கி, டேங்கிலிருந்து வரும் பக்கத்தை ஒரு போல்ட் சொருகி அடைத்துவிடுங்கள். ஆக்ஸிலேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள் இரண்டு, காயிலுக்கும் டைனமோவுக்கும் ஆயில் சுவிட்சுக்கும் போகும் ஒயர்கள், இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெயர் எழுதி ஒட்டுங்கள். செல்போனில் படம் எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது எல்லா ஒயரும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும்.

கீழே இரண்டு நட், மேலே இரண்டு போல்ட். மேலே இருப்பதற்குக் கூட ஒரு ஆள் வேண்டும், ஒருவர் இன்ஜின் பக்கம் கையை விட்டுப் பிடிக்க, இன்னொருவர் வண்டிக்கு அடியில். இன்ஜின் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும், டிராலி ஜாக்கியை அடியில் கொடுத்துப் பாரத்தை ஏற்றிக்கொண்டு நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளச்சை விட்டு முழுவதும் வெளியே வரும் வரை இறக்கவே கூடாது. பாதியில் இறக்கினால் மொத்த எடையும் அந்த ஷாஃப்டில் தொங்கி, கிளச் தட்டு வளைந்துவிடும். வண்டியை மரக்கட்டையில் உயர்த்தி வைத்திருந்தால், கட்டை வேம்போ கருவேலமோ கெட்டியான மரமாக இருக்கட்டும். செங்கல்லை அடுக்கி அதற்கு மேல் வண்டியை நிறுத்தி அடியில் படுப்பவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். செங்கல் சொல்லிவிட்டு உடையாது.

காற்று போகும் வழி

இதைத்தான் நான் நிறைய எழுதப்போகிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், நான் உட்பட.

இன்ஜின் மேலே அரை வட்டத் தகரக் கூடு ஒன்று இருக்கும். அதற்குள் ஃபேன். அந்த ஃபேன் டைனமோ ஷாஃப்டிலேயே மாட்டியிருக்கிறது, டைனமோவை கிராங்க் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் சுற்றுகிறது. வெளிக்காற்று வண்டியின் பக்கவாட்டுத் துவாரங்கள் வழியாக இன்ஜின் அறைக்குள் வரும், ஃபேன் அதை உறிஞ்சிக் கூட்டுக்குள் தள்ளும், கூட்டிலிருந்து காற்று சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களுக்கு நடுவே கீழ்நோக்கிப் பாய்ந்து, சூடாகி, வண்டிக்கு அடியில் வெளியேறும். மேலே குளிர்ந்த அறை, கீழே சூடான வெளி. இரண்டும் கலக்கவே கூடாது. கலக்காமல் தடுப்பது இன்ஜினைச் சுற்றி இருக்கும் தகரத் துண்டுகளும், அவற்றின் ஓரத்தில் ஓடும் ரப்பர் சீலும்தான்.

பழைய வண்டியில் இந்தத் தகரம் பாதி இருக்காது. யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ கழற்றியிருப்பார், மாட்டச் சோம்பல்பட்டு ஓரமாகப் போட்டிருப்பார். குறிப்பாகச் சிலிண்டர்களுக்கு அடியில் இரண்டுக்கும் நடுவே உட்காரும் சின்ன வளைந்த தகடுகள். அவை இல்லாவிட்டால் காற்று சுலபமான வழியாக விழுந்து போய்விடும், சிலிண்டரின் அடிப்பக்கத்தைத் தொடாது. என் வண்டியில் அந்தத் தகடு இல்லை என்பதே எனக்குத் தெரியாது. முதல் முறை ஸ்டார்ட் செய்து தஞ்சாவூர் வரை ஓட்டிப் பார்த்தேன், சித்திரை வெயில், அம்மாப்பேட்டை தாண்டுவதற்குள் மூன்றாம் சிலிண்டர் பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

ஏன் மூன்றாவது? அந்தக் காலத்து மாடலில் ஆயில் கூலர் அந்தக் கூட்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்கு மேலே நிற்கிறது. அதனால் அந்தச் சிலிண்டருக்கு வருவது ஏற்கெனவே ஆயிலைத் தொட்டுச் சூடான காற்று, அதுவும் குறைவாக. 1971 மாடலிலிருந்து ஃபோக்ஸ்வேகனே கூலரை வெளியே தள்ளித் தனிக் கூண்டில் வைத்துவிட்டது. பழைய கூட்டோடு ஓட்டுபவர் இடது பக்கத்தின் முன் சிலிண்டரை எப்போதும் சந்தேகத்தோடு பாருங்கள். எண் வரிசை இதுதான்: வலது முன் 1, வலது பின் 2, இடது முன் 3, இடது பின் 4. முன் என்றால் வண்டியின் முன்பக்கம், அதாவது ஃபிளைவீல் பக்கம்.

இனி நம் ஊர் விஷயம். கூட்டைக் கழற்றியபோது உள்ளே இருந்தது ஒரு கூடை வைக்கோல், சாக்குநூல், உமி, கூடவே காய்ந்து போன எலிக்குஞ்சு இரண்டு. நெல் இருக்கும் கொட்டகையில் இருபது வருடம் நின்ற வண்டியில் எலிக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. செதில்களுக்கு நடுவே அந்தக் குப்பை அடைந்திருந்தால் ஃபேன் எவ்வளவு சுற்றியும் பயனில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. எனவே, "இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்டார்ட் செய்து பார்ப்போம்" என்று யார் சொன்னாலும், கூட்டைக் கழற்றி உள்ளே பார்க்காமல் சாவியைத் திருப்பாதீர்கள். செதிலைச் சுத்தம் செய்ய இரும்பு பிரஷ் வேண்டாம், மண்ணெண்ணெயில் நனைத்த நைலான் பிரஷும் மூங்கில் சிம்பும் போதும்.

கூட்டுக்குள் காற்றை மறிக்கும் மடல்கள் இருக்கும், அடியில் பித்தளை பெல்லோஸ் மாதிரி ஒரு தெர்மோஸ்டாட் அவற்றை இழுக்கும். 65 முதல் 70 டிகிரியில் முழுதாக விரிய வேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள், விரிகிறதா என்று கண்ணாலேயே தெரியும். "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு" என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. அது கெட்டுப்போயிருந்தால் மடல்களைத் திறந்த நிலையிலேயே கட்டி வைப்பதை நான் ஒப்புக்கொள்வேன், ஆனால் மடலையே எடுத்துவிடாதீர்கள், அது காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பிவிடும் வேலையையும் செய்கிறது.

பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் 15 மி.மீ. உள்ளே போக வேண்டும். இறுக்க வழக்கமான ஸ்லாட் இருக்காது, டைனமோ புல்லி இரண்டு பாதியாகப் பிரியும், நடுவே வளையங்கள் அடுக்கியிருக்கும். வளையத்தை உள்ளிருந்து எடுத்து வெளிப்பக்கம் போட்டால் பெல்ட் இறுகும். எடுத்த வளையத்தைத் தூக்கிப் போடாமல் அந்த நட்டுக்கு அடியிலேயே வையுங்கள்.

அப்புறம் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. மற்ற வண்டியில் அது எரிந்தால் "சார்ஜ் ஏறவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டுவோம். இதில் அது எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம், பெல்ட் அறுந்தால் ஃபேன் நின்றுவிட்டது. அந்த நொடியே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். வீட்டில் யார் ஓட்டினாலும் இதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

இன்ஜினைப் பிரிப்பதா, விடுவதா

சுற்றாமல் பிடித்துக் கிடந்தால் பிளக்கைக் கழற்றி நாலு ஓட்டையிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அடித்து உதைக்காதீர்கள். சுற்றினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம் பாருங்கள்: நாலும் 7 கிலோவுக்கு, அதாவது 100 பவுண்டுக்குக் குறையாமல், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாமல் இருந்தால் பிரிக்க வேண்டாம். சீல்களை மட்டும் மாற்றிப் போடுங்கள்.

என்னுடையது 1500 சிசி, 83 மி.மீ. பிஸ்டன். மூன்றாவது போய்விட்டதால் 1600-இன் 85.5 மி.மீ. செட்டையே வரவழைத்துப் போட்டேன். கேஸிலோ ஹெட்டிலோ எதையும் கடைய வேண்டியதில்லை, அப்படியே உட்கார்ந்துவிடும். ரிங் இடைவெளி 0.30 முதல் 0.45 மி.மீ. பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு ஃபிளைவீல் பக்கம் பார்க்க வேண்டும், நாலுக்கும்.

புஷ்ராட் குழாய்களை, அதாவது வால்வைத் தள்ளும் கம்பிகள் ஓடும் குழாய்களை, மாட்டும் முன் இரண்டு பக்க மடிப்பையும் இழுத்து 190 மி.மீ. நீளம் வருகிறதா பாருங்கள், அது குறைந்தால் சீல் இறுகாமல் ஆயில் சொட்டும். இந்த வண்டி ஆயில் சொட்டும் என்று எல்லோரும் சொல்வது பாதி இந்தக் குழாய்களால்தான். ஹெட் நட்டுகளை முதலில் லேசாக, 1 கிலோ-மீட்டர் (தூரம் இல்லை, ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியில் ஒரு கிலோ இழுப்பு) அளவுக்கு, வரிசைப்படி இறுக்கிவிட்டு அப்புறம் 3.2-க்குக் கொண்டுபோங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை அளவில் இறுக்கும் பழக்கம் டிராக்டருக்குச் சரி, இதன் கேஸ் மக்னீசியம் கலவை, மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

ஃபிளைவீல் நட் மட்டும் வேறு கதை. 36 மி.மீ. சாக்கெட், 35 கிலோ-மீட்டர் இறுக்கம். அவ்வளவு பெரிய டார்க் ரெஞ்ச் எங்கள் பக்கத்து எந்தப் பட்டறையிலும் இல்லை. லேத் பட்டறை அண்ணன் வழி சொன்னார்: கைப்பிடியில் குழாயைச் சொருகி, நட்டின் மையத்திலிருந்து சரியாக ஒரு மீட்டரில் கோடு போட்டு, அந்த இடத்தில் வெங்காயம் நிறுக்கும் தொங்கு தராசைக் கொக்கி மாட்டி இழுங்கள், முள் 35 காட்டும்போது நிறுத்துங்கள். குழாய்க்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும், அவ்வளவுதான். இறுக்கும் முன் ஃபிளைவீலுக்குப் பின்னால் மூன்று ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போட்டு முன்பின் ஆட்டத்தை 0.07 முதல் 0.13-க்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

வால்வு இடைவெளி 0.15 மி.மீ., இன்ஜின் முழுக்க ஆறியபின்தான். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் காபிக்கு முன் பாருங்கள். முதல் சிலிண்டரை உச்சத்தில் நிறுத்தி அதன் இரண்டு வால்வையும் சரிசெய்துவிட்டு, கிராங்கை எதிர்த்திசையில் அரைச்சுற்று சுற்றினால் இரண்டாவது, இன்னும் அரைச்சுற்று மூன்றாவது, அப்புறம் நாலாவது. வெடிக்கும் வரிசை 1-4-3-2 என்பதால் பின்னோக்கிச் சுற்றினால் 1, 2, 3, 4 என்று எண் வரிசையாக வரும், மறக்கவே மறக்காது. பிளாட்டினம் பாயிண்ட் 0.4 மி.மீ., பிளக் 0.6 முதல் 0.7.

ஆயில் இரண்டரை லிட்டர்தான், ஃபில்டர் கிடையாது, அடியில் ஒரு சல்லடை மட்டும். 20டபிள்யூ-50 போடுகிறேன், 5,000 கிலோமீட்டரைத் தாண்ட விடுவதில்லை. இந்த இன்ஜினுக்கு ஆயிலும் ஒரு குளிர்விப்பான், அளவு குறைந்தால் சூடு ஏறும்.

பெட்ரோல்

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பரைக் கரைக்கும், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி கார்த்திகையில் இங்கே துணியே காயாது, பாதி டேங்க் பெட்ரோலோடு மூன்று மாதம் நிறுத்தினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் இறங்கி, டேங்க் துருப்பிடித்து, கார்புரேட்டருக்குள் வெள்ளைப் பொடி பூத்துவிடும். மழைக்காலத்தில் ஓட்டாமல் வைப்பதென்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

ஹோஸ் மொத்தத்தையும் எத்தனால் தாங்கும் ஃபூயல் இன்ஜெக்‌ஷன் ரகத்துக்கு மாற்றுங்கள், இது மொத்தமே சில நூறு ரூபாய் வேலை. பிளாஸ்டிக் ஃபில்டரை இன்ஜின் அறைக்குள் வைக்காதீர்கள், டேங்க் பக்கம் வையுங்கள். சோலெக்ஸ் கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் வெறுமனே அழுத்திச் சொருகியது, அது தளர்ந்து கழன்றால் நேரே சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கொட்டும். கையால் அசைத்துப் பாருங்கள், அசைந்தால் எடுத்து மறுபடி இறுக்கமாக அடித்து, கம்பியாலும் கட்டிவிடுங்கள். காற்றால் குளிரும் வண்டிகள் நிறைய எரிந்துபோனது இந்த மாதிரிச் சின்ன விஷயத்தால். கேஸ் மக்னீசியம் என்று சொன்னேன் இல்லையா, அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொழுந்துவிடும். சீட்டுக்குப் பின்னால் ஒரு பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும், கேஸ் பற்றும் முன் பெட்ரோல் தீயை அணைத்துவிட வேண்டும்.

பிரேக், சக்கரம், ஸ்டியரிங்

நாலும் டிரம், ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. அதனால் பேச்சே இல்லாமல் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும், மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி வாருங்கள்.

பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சின்ன கியர் பெட்டி உண்டு, அதற்குத் தனியே கால் லிட்டர் ஆயில். கியர்பாக்ஸுக்கு மட்டும் ஊற்றிவிட்டு இதை மறப்பவர்கள்தான் அதிகம். இரண்டுக்கும் 90 நம்பர் ஜிஎல்-4 ரகம் கேளுங்கள். ஜிஎல்-5 புதுசு, அதுதான் உயர்ந்தது என்று கடையில் எடுத்துக் கொடுப்பார்கள், அதிலிருக்கும் கந்தகச் சேர்மானம் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அரித்துவிடும்.

முன்னால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) புஷ் தேய்ந்திருந்தால் பம்ப்செட் வேலை செய்யும் எந்த லேத் பட்டறையிலும் புஷ் கடைந்து ரீமர் போட்டுத் தருவார்கள். கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையில் இருக்கக் கூடாது, ஜாக்கியில் தூக்கி வைத்து அடித்தால்தான் உள்ளே இறங்கும்.

கரண்ட்

6 வோல்ட். 12-க்கு மாற்றச் சொல்லி எல்லோரும் அறிவுரை தருவார்கள். நான் மாற்றவில்லை. மங்கிய லைட்டுக்கும் மெதுவான ஸ்டார்ட்டருக்கும் காரணம் பெரும்பாலும் பச்சை பூத்த எர்த் இணைப்புதான். பேட்டரியிலிருந்து பாடிக்கும், கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கும் போகும் எர்த் பட்டையைப் புதிதாகத் தடிமனான ஒயரில் போட்டு, தொடும் இடத்தைப் பளபளவென்று தேய்த்தேன், சரியாகிவிட்டது. மாற்றியே தீர வேண்டும் என்றால் பல்பு, காயில், ஃபிளாஷர், ஹாரன், வைப்பர் மோட்டார், டைனமோ எல்லாம் மாற வேண்டும். ஸ்டார்ட்டரை மட்டும் விட்டுவிடுங்கள், பழைய ஃபிளைவீலில் 109 பல், 12 வோல்ட் வண்டியுடையதில் 130, புது ஸ்டார்ட்டர் சேராது.

துரு, தகரம், மரம்

டெல்டாவில் துருவுக்குப் பஞ்சமில்லை. வேதாரண்யம், நாகை பக்கம் காற்றிலேயே உப்பு. ஆனால் யாரும் கவனிக்காதது போர் தண்ணீர்: கடலோரப் பகுதியில் அது உப்புத் தண்ணீர், அதில் தினமும் வண்டியைக் கழுவுவது உப்பில் ஊறவைப்பது மாதிரிதான். ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

டிங்கர் வேலைக்கு வந்த பாய் முதல் நாளே சொன்னார், "தம்பி, பட்டி போட்டா ரெண்டு மணி நேரத்துல அழகாயிடும், ரெண்டு மழையில அவ்வளவும் கையோட வந்துடும்." ஓட்டையான இடத்தைப் பட்டி வைத்து மூடுவது வேலையே இல்லை. நல்ல தகரம் வரும் வரை வெட்டி எடுத்துவிட்டு, 20 கேஜ் சி.ஆர். ஷீட்டில் அதே வடிவில் துண்டு செய்து மிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரே கோடாக ஓட்டினால் தகரம் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். கேஸ் வெல்டிங்கும் அப்படித்தான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் மிச்சம் இருக்கிறது என்று அதை வைத்து ஒட்டாதீர்கள், எரியும் துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும். சில் பெட்டியை வெட்டும் முன் கதவு இடைவெளிக்குக் குறுக்கே ஒரு ஆங்கிள் வெல்டு செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாடி இறங்கி, கதவு இனி எப்போதும் மூடாது.

மூடிய பெட்டிக்குள் பெயிண்ட் போகாது. வேலை முடிந்ததும் மெழுகு ரக ஆயிலை ஓட்டை வழியாக உள்ளே பீய்ச்சி விடுங்கள், அடியிலிருக்கும் வடிகால் துவாரத்தை அடைக்காதீர்கள்.

சாமான் தளத்தில் தகரத்துக்கு மேல் நீளவாக்கில் மரப்பட்டைகள் ஓடும். மாட்டுவண்டி செய்யும் தச்சரைப் பிடித்து வாகை மரத்தில் போட்டேன், பூவரசும் நன்றாக இருக்கும். பட்டைக்கு நடுவே இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணும் நெல்லும் தங்கி அதற்கு அடியிலேயே மறுபடி துரு. முன்கண்ணாடி இரண்டும் தட்டைக் கண்ணாடி என்பதால் ஊரிலேயே லேமினேட்டட் கண்ணாடி வாங்கி அட்டை மாதிரி வைத்து வெட்டிக்கொள்ளலாம். இந்தப் பழைய மாடலைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதும்.

பெயிண்ட் தை பிறந்தபின்தான், ஆடிக்கு முன். நான் அவசரப்பட்டு ஒரு கதவுக்கு மட்டும் கார்த்திகையில் என்.சி. பெயிண்ட் அடித்துப் பார்த்தேன், காய்வதற்குள் மேலே பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிட்டது. ஈரக்காற்றில் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து தண்ணீர் படிவதால் வருவது அது. எபாக்சி பிரைமர், அதன் மேல் 2கே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட். பழைய பிக்கப்புகளுக்கே உரிய அந்தப் புறா நீலத்தைத்தான் நானும் அடித்தேன். 2கே அடிக்கும்போது சாதாரணத் துணி முகமூடி போதாது, அதன் ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது.

முதல் ஸ்டார்ட்

பிளக் நாலையும் கழற்றிவிட்டு, பச்சை ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அணைந்தபின் பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். கேம் ஷாஃப்ட் புதிது என்றால் முதல் இருபது நிமிடம் 2,000 சுற்றில் வைத்திருங்கள், ஐடிலில் விடாதீர்கள். 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றி, வால்வு மறுபடி பாருங்கள்.

நமக்கு மேடு பள்ளம் கிடையாது, இந்த இன்ஜினுக்கு அது வரம். 60, 65-இல் நிதானமாக ஓட்டினால் சித்திரையிலும் சூடாகாது. சிக்கல் அறுவடையில்தான். தை மாசிச் சம்பா அறுவடையில் ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டு வைக்கோலைப் பரப்பியிருப்பார்கள், அதன் மேல் ஓட்டித்தான் போக வேண்டும், பறக்கும் தூசி அவ்வளவும் பக்கவாட்டுத் துவாரம் வழியாக உள்ளே போகும். துவாரத்தில் கொசுவலை கட்டினால் காற்றும் நின்றுவிடும், அந்த யோசனை வேண்டாம். அறுவடை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வருடம் என் வண்டியில் இரண்டு கைப்பிடி வைக்கோல் வந்தது, எலி இன்னும் குடிவரவில்லை.